ஒன்பது பேருக்கு ஒரு ஜாகை

யானைக்கவுனியில் இன்று யானையுமில்லை, கவுனியுமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் கும்பெனியார் எழுப்பிய நகர மதிலின் வாயில்களில் ஒன்று இங்கிருந்தது. மதிலுக்கென விதிக்கக் கருதிய வரி வசூலாகவில்லை. வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முட்டுக்காட்டுக் கேளிக்கைப் பூங்காவைக் காண ஒன்பது பேராகச் சென்ட்ரலில் வந்திறங்கிய நாங்கள், அச்சாலையில்தான் ஜாகை தேடினோம். பூங்காவுக்கு அண்மையில் நாங்கள் விசாரித்த விடுதிகளில் அறைக்கு மூவர் என்பது கணக்கு. மூன்று அறைகளாகப் பிரிந்தால், இரவெல்லாம் இருமும் எங்கள் தாயாருக்குத் துணை யார்? குழந்தைகளோ பாட்டியை விட்டுப் பிரிய மாட்டோம் என்றன. இங்கே சத்திரமொன்றில் பெரிய கூடம் கிடைத்தது; பாய்கள் ஒன்பது, மின்விசிறிகள் இரண்டு, குளியலறை ஒன்றே ஒன்று! விடியற்காலையில் அதன் வாயிலில் நின்ற வரிசையைக் கண்டபோதுதான் மூன்று அறைகளின் அருமை புலப்பட்டது. புறப்பட மணி பத்தாயிற்று. தாயார் மட்டும் ஐந்து மணிக்கே நீராடி, திருநீறணிந்து, கைப்பையுடன் காத்திருந்தார்.