திரை போட்ட காரும் ஒரு கைப்பிடியும்

எங்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. விடிகாலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நடக்கப் போனால், எப்போதாவது ஒரு நாள் உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒன்று நம்மைத் தாண்டிப் போகும். பெயர் இருக்காது. கம்பெனி முத்திரை இருக்காது. இன்னும் சந்தைக்கு வராத வண்டி. கோயிலில் திரை போட்டுவிட்டு உள்ளே அலங்காரம் செய்வார்களே, அந்த மாதிரி. திரை விலகும் வரை வெளியே நிற்பவர்களுக்கு ஊகம்தான் வேலை.

போன மாதம் அப்படி ஒரு கார் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடை வாசலிலேயே வந்து நின்றது. ஓட்டி வந்த பையன் இறங்கி, கதவைப் பூட்டிவிட்டு, ஒரு டீ சொன்னான். எங்கள் கோஷ்டிக்கு அன்றைக்குச் சர்க்கரை இல்லாத டீயே இனித்தது.

கோஷ்டி என்று சொன்னால் நாலு பேர். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், ரெயில்வேக்காரர், வாத்தியார், அப்புறம் நான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. செய்த வேலைதான் பெயர். என்னை அவர்கள் 'குவாலிட்டி' என்பார்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

"மஹிந்திராவாத்தான் இருக்கும். பரனூர்ல அவங்க ஆராய்ச்சிக்கூடமே இருக்கு இல்ல" என்றார் மேனேஜர். அவர் கார் வாங்கப் போகிறார். ஆறு மாதமாக வாங்கப் போகிறார். அதனால் எல்லாக் கம்பெனியின் ஜாதகமும் அவர் விரல் நுனியில். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில்தான் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ என்ற இரண்டு மின்சாரக் கார்களையும் அறிமுகம் செய்தார்கள் என்றார். 2025 சுதந்திர தினத்தன்று மும்பையில் விஷன் எஸ், விஷன் டி, விஷன் எக்ஸ், விஷன் எஸ்.எக்ஸ்.டி. என்று நாலு மாதிரி வண்டிகளைக் காட்டினார்கள், அவை 2027-லிருந்து ஒவ்வொன்றாக வரும் என்றார். ரேஷன் கடையில் எப்போது பாமாயில் வரும் என்று சொல்வது போல அத்தனை உறுதியாகச் சொன்னார்.

ரெயில்வேக்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். டாஷ்போர்டு முழுக்கக் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தது.

"உள்ளே எத்தனை ஸ்கிரீன்னு தெரியலையே. அந்த 9இ-யில மூணு இருக்காம். ஒவ்வொண்ணும் 12.3 இஞ்ச். நம்ம வீட்ல இருந்த முதல் டி.வி.யே அவ்வளவுதான் இருக்கும்."

"ஸ்கிரீன் எல்லாம் பசங்களுக்கு. கை வெச்சா மெத்துனு இருக்கணும் சார். பிளாஸ்டிக்கைத் தட்டினா டப்பா சத்தம் வரக் கூடாது. அதுதான் தரம்" என்றார் வாத்தியார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "குவாலிட்டி, நீங்க சொல்லுங்க. முப்பது வருஷம் இதையேதானே செஞ்சீங்க. உள்ளே தரம்னா என்ன?"

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார் கம்பெனிகளுக்கு உள்பாகங்கள் செய்து தரும் ஒரு தொழிற்சாலையில். கதவின் உள்பக்கப் பலகை, டாஷ்போர்டின் துண்டுகள், ஏ.சி. காற்று வரும் ஜன்னல்கள், கைப்பிடிகள். அதில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. அதாவது, அடுத்தவன் பாடுபட்டுச் செய்ததைக் கையில் வாங்கி, குறை சொல்லிச் சம்பளம் வாங்கும் உத்தியோகம்.

வாத்தியாருக்காக மெத்து விஷயத்தை முதலில் சொன்னேன். கடினமான பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அது பாலிப்ரோப்பிலீன். விறைப்புக்காக அதில் டால்க் கலந்திருப்பார்கள். நாம் முகத்துக்குப் போடுகிற பவுடரில் இருக்கிற அதே டால்க்தான். மேலே தோல் போலத் தெரிகிற சொரசொரப்பு, அச்சின் இரும்பில் அமிலத்தால் அரித்து எடுத்த கோலம். அது அழகுக்கு மட்டும் இல்லை. பிளாஸ்டிக் ஆறும்போது விழுகிற குழிகளை மறைக்கும். வெயில் பட்டுக் கண் கூசாமல் காக்கும். மெத்தென்று இருப்பது, அதே கடின பிளாஸ்டிக்கின் மேல் கொஞ்சம் நுரை வைத்து ஒரு தோல் போர்த்தியது. கைக்குச் சுகம், சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 80 டிகிரியைத் தொடும். பத்து வருஷம் அந்தச் சூட்டைத் தாங்கி, அந்தத் தோல் உரியாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஷோரூமில் அது தெரியாது.

ஷோரூமில் தெரிவது வேறு. இரண்டு துண்டுகள் சேரும் இடைவெளி இடது பக்கம் எவ்வளவோ, வலது பக்கமும் அவ்வளவே இருக்க வேண்டும். டாஷ்போர்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் முனகக் கூடாது. ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, ஒரு வேகத்தடை மேல் ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசினால் கிரீச்சென்று கத்தும். அந்த இடத்தில் ஒரு விரல் அகலத் துணிப்பட்டை ஒட்டினால் போதும், கத்தாது. ஒட்டியிருக்கிறார்களா இல்லையா என்பதில்தான் கம்பெனியின் குணம் தெரியும்.

ஸ்கிரீனைப் பற்றியும் ரெயில்வேக்காரரிடம் சொன்னேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைத்தடவலிலேயே ஏ.சி.யைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் கூட, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் மாதிரி அவசியமானவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்போ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்துவிட்டது. உலகம் ஒரு சுற்றுச் சுற்றிப் பொத்தானுக்கே திரும்பி வருகிறது.

"அவ்வளவுதானா?" என்றார் மேனேஜர்.

"இன்னொண்ணு இருக்கு. பின் சீட்ல ஏறி, கதவுக்கு மேல இருக்கற கைப்பிடியைப் பிடிச்சு, உங்க முழு எடையும் போட்டு எழுந்து பாருங்க."

மூவரும் சிரித்தார்கள். இருபது லட்ச ரூபாய்க் காரில் போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கச் சொல்கிறானே என்று. நானும் சிரித்து வைத்தேன். காரணத்தை அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

1998 அக்டோபர். மாதக் கடைசி. எங்கள் ஆலையில் ஒரு காருக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்தோம், நைலானில். நைலானுக்கு ஒரு குணம் உண்டு. ஊறுகாய்க்கு வெட்டிய மாங்காய் மாதிரி, ஈரம் இருந்தால் கெட்டது. மணிகளை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் உருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கப் பண்டம் சரியாக இருக்கும். உள்ளே வலு போய்விடும். முதல் நாள் இரவு மின்சாரம் போய், உலர்த்தி நின்றிருந்தது. ஷிஃப்ட்காரர்கள் கவனிக்கவில்லை. காலையில் 800 கைப்பிடிகள் தயாராக இருந்தன. சிலவற்றின் பின்புறம் வெள்ளிக் கோடுகள் ஓடியிருந்தன. ஈரத்தின் அடையாளம் அது.

ஐந்தை எடுத்து இழுவை இயந்திரத்தில் மாட்டினேன். நாலு தாங்கின. ஐந்தாவது, குறித்த அளவுக்கு முன்பே படாரென்று ஒடிந்தது. விதிப்படி மொத்தத்தையும் நிராகரிக்க வேண்டும்.

மேலதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மதியத்துக்குள் லாரி போகாவிட்டால் அங்கே கார் கட்டும் லைன் நின்றுவிடும். நின்றால் நிமிஷக் கணக்கில் அபராதம். "ஒண்ணுல ஏதோ கோளாறு. இன்னும் அஞ்சு எடுத்துப் பாருப்பா" என்றார். எடுத்தேன். ஐந்தும் தாங்கின. "பார்த்தியா?" என்றார். பத்தில் ஒன்று ஒடிகிறது என்றால் 800-ல் எத்தனை என்று எனக்குக் கணக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். என் பெண்ணுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட வேண்டிய வாரம்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் புகார் சொல்லி வரவில்லை. வருஷங்கள் ஓடின.

2004-ல் அம்மாவை முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், ஒரு வாடகைக் காரில். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு. வாசலில் வண்டி நின்றதும் நான் இறங்கிச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், அம்மா தானே மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்தாள். கைப்பிடி ஒரு பக்கம் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அம்மா சரிந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே கையை ஊன்றினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. முழங்காலுக்கு வந்தவள் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள்.

டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஒடிந்த துண்டு என் சட்டைப் பையில் இருப்பது தெரிந்தது. எப்போது எடுத்துப் போட்டுக்கொண்டேனோ. திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பாகங்களின் பின்னால் சின்ன வட்டமாக ஒரு கடிகாரம் போல இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் வருஷம், ஒரு அம்புக்குறி. எந்த மாதம் வார்த்தது என்று அது சொல்லிவிடும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 2001, மார்ச். எங்கள் ஆலையின் முத்திரையும் இல்லை.

என்னுடையது இல்லை. பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். வரவில்லை. எங்கோ ஒரு ஆலையில், ஒரு மாதக் கடைசியில், என்னைப் போல ஒருவன் இதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பான் என்றுதான் தோன்றியது. அவன் போட்டது என் அம்மாவுக்கு வந்தது. நான் போட்டது யார் வீட்டு அம்மாவுக்குப் போனதோ.

வெளியே வந்த அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நான்தாண்டா ரொம்ப பலமா இழுத்துட்டேன் போல. அந்த டிரைவர் பாவம், அவன் வண்டி போச்சு. ஏதாவது பணம் குடுத்துடு."

அதற்குப் பிறகு வேலையில் இருந்த ஏழு வருஷமும், ஐந்தில் ஒன்று ஒடிந்தால் ஆறாவதை நான் எடுத்ததில்லை. அதனால் மூன்று முறை மெமோ வாங்கினேன். பதவி உயர்வு ஒன்று தள்ளிப் போனது. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. 1998-லேயே செய்திருக்க வேண்டியதைத் தாமதமாகச் செய்தேன், அவ்வளவுதான்.

டீக்கடைக்கு வருகிறேன். பையன் டீயை முடித்துவிட்டுக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன்.

"தம்பி, எந்த வண்டி, என்ன பேருன்னெல்லாம் கேக்கல. அது நீங்க சொல்லவும் கூடாது. ஒண்ணே ஒண்ணு. உள்ளே எங்கேயாவது சத்தம் வருதா?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினான், திறக்காமல். "அதுக்குத்தான் சார் காலைலேர்ந்து சுத்திக்கிட்டு இருக்கேன். பின்னாடி எங்கேயோ ஒரு டிக் டிக். இன்னும் கண்டுபிடிக்கல. ஆனா எழுதிட்டேன்."

"எழுதினதை அடிச்சுடாதீங்க. மாசக் கடைசின்னு யாராவது சொல்லுவாங்க."

அவனுக்குப் புரியவில்லை. "சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது.

மேனேஜர் போன ஞாயிறு ஷோரூமுக்குப் போயிருந்தார், மனைவியோடு. மறுநாள் காலை நடையில் சொன்னார்: "அந்தப் பையன் அரை மணி நேரம் ஸ்கிரீனையே காட்டினான். நான் பேசாம பின்னாடி ஏறி உட்கார்ந்து, நீங்க சொன்ன மாதிரி கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்கினேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க."

"தாங்கிச்சா?"

"தாங்கிச்சு. அப்புறம் எங்க வீட்டம்மாவையும் பிடிச்சு எழுந்து பாக்கச் சொன்னேன். அவங்க கைக்கு எட்டல."

அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டாராம். ஆறு மாதம் ஏழு மாதமாகிறது. ஆகட்டும்.