மாப்பிள்ளை கரைக்கு வருவதில்லை

தாம்பரம், குரோம்பேட்டைவாசிகளுக்குக் கடற்கரை என்றால் காற்றும் சுண்டலும்தான். தை பிறந்ததும் அந்தக் கடலில் நூற்றுக்கணக்கில் கல்யாணம் நடக்கிறது என்றால் நம்புவீர்களா? நமக்குப் பத்திரிகை வருவதில்லை, அவ்வளவுதான். மணமக்கள், பங்குனி ஆமைகள்.

மணப்பெண்ணை நீங்கள் பார்க்கலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் குழு ஒன்று 1988 முதல் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அவர்களோடு நானும் அத்தையும் நடந்தோம். நூறு முட்டைக்கு மேல் இட்டு, குழியை மூடிவிட்டுத் தாய் ஆமை திரும்பியது. "இதன் புருஷன் எங்கேடி?" என்று கேட்டாள் அத்தை.

புருஷன் கரையேறுவதே இல்லை. அவன் காரியமெல்லாம் கடலிலேதான். அவனை ஆட்டிவைப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். கேமன் தீவுகளில் வளர்ப்புக் கடலாமைகளின் ரத்தத்தைச் சோதித்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஜோடி சேரும் காலத்துக்கு முன்பே ஹார்மோன் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. ஜோடி சேர்ந்த பிறகோ இறங்கத் தொடங்குகிறது! நிச்சயதார்த்தத்திலிருந்து பரபரத்துவிட்டு, மணவறையில் சாதுவாக உட்காரும் மாப்பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா?

அந்தப் பரபரப்பு வீணில்லை. அதற்குள் உடம்பு தயாராகிவிடுகிறது. கல் போன்ற அடிவயிற்று ஓடுகூட நடுவில் மெத்தென்று இளகுகிறது, பெண்ணின் முதுகில் வழுக்காமல் பொருந்துவதற்கு. முன்துடுப்பிலுள்ள வளைந்த நகத்தால் அவள் ஓட்டைக் கவ்விக்கொள்கிறான். போட்டிக்கு வந்த ஆண்கள் வாலையும் துடுப்பையும் கடித்தாலும் லேசில் பிடியை விடுவதில்லை. இப்படியே இருவரும் மணிக்கணக்கில் மிதப்பார்கள்.

ஆபத்து வருவதும் இந்தப் பருவத்தில்தான். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் அகப்பட்டால் எப்படி வரும்? 2025 ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஓட்டைத் தாண்டி நீண்ட தடித்த வால் இருந்தால் அது ஆண். கரையில் நாம் மாப்பிள்ளையைப் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான்.

ஆமை மட்டும் வெளியேறும்படி வாசல் வைத்த வலை உண்டு. அந்த வாசல் வழியே இறாலும் கொஞ்சம் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் குறை. இறால் விற்கிற விலையில் அவர்கள் முணுமுணுப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த இறாலை வாங்கி வந்து தொக்கு வைப்பவர்கள் நாம்தானே? மீன்காரம்மாவிடம் விலை மட்டும் கேட்காமல், எந்த வலையில் பிடித்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.