அங்குசத்தின் விலை

காரின் டாஷ்போர்டில் எரியும் அந்த ஆரஞ்சு விளக்குக்கு 'செக் எஞ்சின்' என்று பெயர். எஞ்சினைப் பார் என்று சொல்வதுபோல் இருந்தாலும் அது பெரும்பாலும் பேசுவது காற்றைப் பற்றித்தான். குழாய் வழியே வரும் புகையோ, டாங்கிலிருந்து கசியும் பெட்ரோல் ஆவியோ சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டக்கூடும் என்று காரின் கணினி உறுதிசெய்தால் அதை ஏற்றிவிட வேண்டும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களுக்கும் இதுதான் விதி. அதனால்தான் அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வண்டி ஜம்மென்று ஓடும். சத்தம் வராது, இழுவை குறையாது. ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பின்னால் மூச்சு விடுகிறவர்களுக்கு.

"ஓடுதுல்ல? ஓடுற வண்டிய எதுக்குடி நோண்டுற?" என்று மதுரையிலிருந்து அம்மா ஃபோனில் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் அதற்கு ஒரு சட்டமே பதிலாக இருக்கிறது. பழைய கார் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 'ஸ்மாக் செக்' என்ற புகைச் சோதனையில் தேற வேண்டும். தேறாத காரின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. இன்னொருவருக்கு விற்பதென்றாலும் தேறிய சான்றிதழ் கேட்பார்கள்.

எங்கள் கார் 2012 மாடல் சொகுசு ஹைபிரிட். நாங்கள் அதன் மூன்றாவது உரிமையாளர்கள். தோல் இருக்கைகள், கதவைச் சாத்தினால் வெளியுலகமே அணைந்துவிடும் அமைதி, ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஒரு மின்மோட்டார். புதிதாக விற்ற விலையில் கால் பங்குகூடக் கொடுக்காமல் வாங்கினோம். 2024-ல் அது சோதனையில் தோற்றது. கணினியில் இரண்டு பிழைகள் பதிவாகியிருந்தன. ஒன்று புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில், இன்னொன்று பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்பில். கம்பெனி ஷோரூமில் கொடுத்த மதிப்பீடு 7,100 டாலர். சோதனையில் தேறியிருந்தால் காரே 8,000 டாலருக்குத்தான் போயிருக்கும்.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று நம்மூரில் கேட்பார்கள். அந்தப் பழமொழியில் யானைதான் விலை அதிகம். இங்கே யானையின் விலை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. அங்குசம் மட்டும், யானை புதிதாக நின்ற நாளின் விலையிலேயே நின்றது.

அதற்குக் காரணங்கள் உண்டு. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் தேன்கூட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். 2021-ல் ரோடியத்தின் விலை தங்கத்தைப் பல மடங்கு தாண்டிப் போனது. தவிர, கலிஃபோர்னியாவில் மாற்று கன்வெர்ட்டர் போட வேண்டுமென்றால் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கென்று மாநிலக் காற்றுவள வாரியம் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். லட்சக்கணக்கில் ஓடும் சாதாரண கார்களுக்கு அப்படிப்பட்ட மலிவான மாற்றுகள் கிடைக்கும். அபூர்வமாக ஓடும் காருக்கு யார் செய்வார்கள்? ஒரிஜினலேதான் கதி.

ஹைபிரிட் என்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் ஆவியை ஒரு டப்பாவில் இருக்கும் கரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி தூங்கிவிடுமே! கரி காலியாக வாய்ப்புக் குறைவு. கன்வெர்ட்டருக்கும் இதே கதைதான். நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும். எஞ்சின் நின்று நின்று ஓடினால் ஆறிப்போகும். குறைவாகப் புகைவிடும் காரில், அந்தக் குறைந்த புகையைச் சுத்தம் செய்வதற்கான ஏற்பாடு இன்னும் சிக்கலானது.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. எங்களுடையது போன்ற சில கார்கள், நிறுத்திவைத்து ஐந்து மணி நேரம் கழித்து, எல்லாம் ஆறிய பிறகு, தாங்களாகவே விழித்துக்கொள்ளும். ஒரு குட்டி பம்ப் டாங்கிலிருந்து காற்றை உறிஞ்சும். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையை அதற்குள்ளேயே வேண்டுமென்று வைத்திருப்பார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை இருப்பது உறுதியானால் விளக்கு எரியும். ஒரு ஊசி போகும் ஓட்டைக்காக நடுராத்திரியில் தன்னையே சோதித்துக்கொள்ளும் கார்!

கல்லூரித் தோழன் ஒருவன் சொன்னான்: "ஒரு ஸ்கேனர் வாங்கி எரரை அழிச்சுட்டுப் போயேன்." அது நடக்காது. பிழையை அழித்தால் கார் தன்னைத்தானே சோதித்த குறிப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். சோதனை நிலையத்தில் அது தெரியும். 2010-க்குப் பிந்தைய கார்களில் எளிதில் அழியாத நிரந்தரப் பிழைப்பதிவும் உண்டு. "அப்ப ஃப்ளோரிடாக்காரன் எவனுக்காவது வித்துடு. அங்க டெஸ்ட்டே கிடையாது" என்றான். அது உண்மை. ஆனால் ஃப்ளோரிடாவிலும் ஆட்கள் மூச்சு விடத்தானே செய்கிறார்கள்? தேறாத காரை மாநில அரசே காசு கொடுத்து வாங்கி நசுக்கும் ஒரு திட்டமும் இருக்கிறது. நன்றாக ஓடும் ஹைபிரிட்டை இரும்புக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. 1943-ல் லாஸ் ஏஞ்சலஸை மூடிய புகைமூட்டம் எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் யாருக்கும் புரியவில்லை. அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான் கண்டுபிடித்தார்: எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று. பின்னால் அந்த வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். என் காரின் ஊசித் துளையிலிருந்து கசிவது அதே ஆவி.

கடைசியில் ஓக்லாந்தில் தனியாக கேரேஜ் வைத்திருக்கும் ஒரு மெக்ஸிகோக்காரரிடம் போனோம். அவர் குழாய்களுக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார். கரி டப்பாவின் ஒரு மூட்டிலிருந்து ஊதுபத்திப் புகைபோல ஒரு இழை மெதுவாக எழுந்தது. "இதோ உங்க பணம் போற வழி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அந்த மூட்டைத் தனியாக விற்பதில்லையாம். டப்பாவையே மாற்ற வேண்டும். கன்வெர்ட்டர் பிழை எஞ்சினின் ஒரு பக்கத்தில்தான் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றினார். எல்லாம் சேர்த்து 3,850 டாலர். டிசம்பரில் ஊருக்குப் போக எடுத்துவைத்திருந்த பணம். அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, சித்திரைத் திருவிழாவுக்காச்சும் வந்துரு" என்றாள்.

அமெரிக்கச் சட்டப்படி கன்வெர்ட்டருக்கான உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 80,000 மைல். கலிஃபோர்னியாவில் மிகச் சுத்தமானவை என்று சான்று பெற்ற சில வகைக் கார்களுக்கு அது 15 வருஷம், 1,50,000 மைல். எங்கள் கார் அந்த வகையில் இல்லை. ஆனால் 15 வருஷம் உத்தரவாதம் தர முடியும் என்பதை அந்த விதியே காட்டிவிட்டது. அப்படியிருக்க எல்லா ஹைபிரிட்டுக்கும் அது ஏன் இல்லை? சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பெருமையோடு சேர்த்து முதல் ஆளுக்கு விற்கிறார்கள். பெருமை அவரோடு போய்விடுகிறது. பில் மட்டும் கைமாறிக் கைமாறி, கையில் காசு குறைந்த ஆளிடம் வந்து நிற்கிறது. காற்று எல்லோருக்கும் பொது என்றால் அதற்கான செலவு கடைசியில் வாங்கியவர் தலையில் மட்டும் விடியக் கூடாது.

விளக்கு இப்போது எரிவதில்லை. சோதனையிலும் தேறிவிட்டது. ஆனால் மாற்றாமல் விட்ட அடுத்த பக்கத்து கன்வெர்ட்டருக்கும் காரின் வயசுதான். நாலாவதாக ஒருவர் வாங்க வந்தால் அதைச் சொல்லி, பில்களையும் கையில் கொடுத்து, விலையைக் குறைத்துத்தான் விற்போம்.