நடாலும் நானும் ஒரு நாடாவும்

சொன்னால் சிரிப்பீர்கள். தெள்ளாரில் டென்னிஸ் ஆடுகிறவன் நான். படிக்கிற கல்லூரியில் ஒரு சிமெண்ட் கோர்ட் உண்டு, அதனால் பிரச்சினை இல்லை. லீவுக்கு ஊருக்கு வந்தால் மோட்டார் ரூம் சுவர்தான் எனக்கு கோர்ட், எதிராளி, அம்பயர் எல்லாம். மூன்றாம் நந்திவர்ம பல்லவன் 9-ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரில் பாண்டியனைத் தோற்கடித்து 'தெள்ளாறு எறிந்த' என்று பட்டம் வாங்கினான். அதற்குப் பிறகு இந்த ஊரில் எறியப்பட்டது என் ராக்கெட் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு நடால் பைத்தியம். 2008-இல் சென்னை ஓப்பன் ஆட அவர் நுங்கம்பாக்கத்துக்கு வந்தபோது நான் பால்வாடிக்குக் கூடப் போகவில்லை. ஆனால் கார்லோஸ் மோயாவோடு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடி ஜெயித்த அந்த செமி ஃபைனலை எத்தனை தடவை போனில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மறுநாள் ஃபைனலில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். அதை மட்டும் பார்ப்பதில்லை. ஹி ஹி.

எனக்கு வேண்டியது அந்த ஃபோர்ஹேண்ட். அடித்து முடித்ததும் கை உடம்புக்குக் குறுக்கே போகாது. தலைக்கு மேலே சாட்டை மாதிரி ஒரு சுழற்று சுழற்றுவார். வேகக் கேமராவில் எண்ணிப் பார்த்தவர்கள் அவர் அடித்த பந்து சராசரியாக நிமிடத்துக்கு 3,200 தடவை சுழன்றதாகச் சொன்னார்கள். சாம்ப்ராஸ், அகாசிக்கெல்லாம் இது 1,800, 1,900 அளவில்தான். அவர் இடது கை, நான் வலது கை. அதனால் போனைக் கண்ணாடிக்கு எதிரில் வைத்துப் பார்த்து அந்தச் சுழற்றைப் பழகினேன். எவ்வளவு சின்சியர் பாருங்கள்!

ராக்கெட்டுக்குப் புதுசாக கட்டிங் போட்டேன். (வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள் மக்களே, நரம்பு மாற்றுவதற்கு அதுதான் பேர்.) நடால் மாதிரியே பாலியஸ்டர் நரம்பு, அதையும் நல்ல டைட்டாக. சுழற்று சூப்பராக வந்தது. பந்துதான் சுவருக்கு மேலே பறந்து பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் விழுந்தது. ஒரு மாசத்தில் ஏழு பந்து காலி.

போன டிசம்பர் லீவில் ஒரு நாள் காலையில் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் ஊசி குத்துகிற மாதிரி வலி. டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை கூட! 2004-இல் டெண்டுல்கருக்கு வந்த அதே நோய் ஆச்சே. ஆறு வாரம் ராக்கெட்டும் கூடாது, தறியும் கூடாது என்று அவர் சொன்னதும் பெருமை போய்விட்டது.

எங்கள் வீட்டில் ரெண்டு குழித்தறி. ஆரணிப் பட்டு. ஒன்று அப்பாவுடையது. மற்றதில் லீவு நாளில் நான் உட்காருவேன். தை முகூர்த்தத்துக்கு என் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. டாக்டர் சொன்னதை வீட்டில் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். நாடா ஓட வலது கையால் கயிற்றை வெட்டி இழுக்கணும். பத்து ஊடை போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பகல் முழுக்க அவர் தறி, ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் தறி. பதினோரு மணி வரை சத்தம் கேட்கும். நான் போர்வைக்குள்ளே கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு ராத்திரி, "இன்னாடா அது, அப்படி இன்னா அடி? காட்டு" என்றார். வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். "நீ கையயே பாக்கற. அவன் காலப் பாரு. பந்து வர்றதுக்கு முன்னயே போய் நின்னுட்டான். மிதிய மிதிச்சி பாவு தொறந்த பின்னாடிதான் நாடா போவணும். நீ மூடின பாவுல நாடா உட்டுக்கினு இருக்க."

டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் தொட்டதில்லை அவர். அப்புறம் நானும் தேடிப் படித்தேன். பந்து நரம்பில் ஒட்டியிருப்பது ஒரு வினாடியில் 200-இல் ஒரு பங்கு நேரம்தான். அந்தத் தலைக்கு மேல் சுழற்று வரும்போது பந்து போயே போய்விட்டது! பந்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. கீழேயிருந்து மேலே வேகமாக வந்த கைக்கு நிற்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். மூணு மாசமாக நான் காப்பியடித்தது பந்து போன பிறகு நடப்பதை. பரீட்சை முடிந்து பேப்பர் வாங்கிய பிறகு பிட் அடிக்கிற மாதிரி.

ஆறு வாரம் சும்மா இருந்தபோது ரமேஷ் கிருஷ்ணன் வீடியோ கிடைத்தது. 1960, 61 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் செமி ஃபைனல் வரை போன ராமநாதன் கிருஷ்ணனின் பிள்ளை. 1989 ஆஸ்திரேலியன் ஓப்பனில், அப்போது உலக நம்பர் ஒன்னாக இருந்த விலாண்டரை நேர் செட்டில் வீட்டுக்கு அனுப்பியவர். சர்வீஸில் பெரிய வேகம் கிடையாது. கை பின்னாடி போவதே தெரியாது, சும்மா தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். 'இதான்டா நமக்கு, கையும் வலிக்காது' என்று முடிவு பண்ணினேன்.

கல்லூரி திறந்து, கை சரியானதும் சீனியர் அண்ணாவோடு ஆடினேன். தள்ளின பந்தெல்லாம் சர்வீஸ் கட்டத்துக்குள்ளேயே அழகாக எழும்பி நின்றது. அண்ணா ஒவ்வொன்றாக அறைந்தார். 6-1. ரமேஷ் மெதுவாக அடித்தார் என்று யார் சொன்னது? அவர் பந்து எழும்போதே போய் எடுக்கிறார். எதிராளியின் வேகத்தையே திருப்பி அனுப்புகிறார். அதற்கு நடாலைவிட ஒரு அடி முன்னாடியே போய் நிற்கணும். மறுபடியும் கால்!

அந்த ஒரு கேம் ஜெயித்தபோது மட்டும் ரெண்டு பந்துக்குச் சரியான நேரத்தில் போய் நின்றிருந்தேன். கை என்ன செய்தது என்று ஞாபகமே இல்லை.

புடவை தைக்கு முன்னாடியே போய்விட்டது. பாலியஸ்டரை எடுத்துவிட்டு மெத்தென்ற நரம்பாகப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்கு அப்பாவிடம் காசு கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.