ரெஜிஸ்டரில் விடுபட்ட பாதி

போன வாரம் வாசிப்பு வட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பொறியியல் மூன்றாமாண்டு படிக்கும் தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஹைப்பர்வைசர் மாதிரி வேலைக்கெல்லாம் நம்ம பிள்ளைகள விடுவாங்களா? டெஸ்டிங்ல தள்ளிருவாங்கன்னு சொல்றாங்களே?"

என்னையும் டெஸ்டிங்கில்தான் தள்ளினார்கள். அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கணக்கு, பல ஆயிரம் தடவைக்கு ஒருமுறை தப்பாக வந்தது. சொன்னேன். "உன் புரோகிராம்லதான் தப்பு இருக்கும், எந்த வழியா வந்தவன்னு தெரியாதா" என்றார் சீனியர். இரண்டு பேர் சிரித்தார்கள். அதைப் பற்றி வேறு சமயம் பேசலாம்.

உண்மை அறியும் குழுவோடு ஊர்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே போய் வாதாடக் கூடாது. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். அதையே செய்தேன். கெஸ்ட்டுக்குள் ஓடும் சின்ன புரோகிராம் ஒன்று. 16 எக்ஸ்.எம்.எம். ரெஜிஸ்டர்களிலும் தனித்தனி எண்ணைப் போட்டுவிட்டு, மாறியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும். டைமர் இன்டரப்ட்டைக் குறைத்தால் பிழை அபூர்வம். கூட்டினால் சில நிமிடங்களில் வந்துவிடும். மாறியவை எப்போதும் 0, 1 இரண்டும்தான். அவற்றில் இருந்தது ஹோஸ்ட்டின் லாக் வரியில் ஒரு துண்டு!

இன்டெல் பிராசசரில் கெஸ்ட் நின்று ஹைப்பர்வைசருக்குக் கட்டுப்பாடு திரும்பும்போது, அடுத்த கட்டளையின் முகவரி, ஸ்டாக் பாயின்ட்டர், ஃப்ளாக் போன்றவற்றை வன்பொருளே எடுத்து வைத்துவிடும். ஆர்.ஏ.எக்ஸ்., ஆர்.பி.எக்ஸ். போன்ற பொது ரெஜிஸ்டர்களை அது தொடாது. தசமக் கணக்குக்கான எக்ஸ்.எம்.எம்.களையும் தொடாது. நாம்தான் சேமிக்க வேண்டும். எங்கள் கோடில் முன்னது இருந்தது, பின்னது இல்லை. நடுவில் ஹோஸ்ட்டின் நினைவக நகல் ஃபங்ஷன் அதே ரெஜிஸ்டர்களை எடுத்துப் பயன்படுத்தியது. கணக்கு தப்பாவது ஒரு பக்கம். ஒருவரின் தரவு இன்னொருவர் கண்ணில் படுகிறது என்பதுதான் பயங்கரம்.

சீனியர் அன்றைக்கே எஃப்.எக்ஸ்.சேவ் கட்டளையைச் சேர்த்தார், 512 பைட். டிக்கெட்டை மூடினார். எனக்கு மனசு ஆறவில்லை. சோதனையை 256 பிட் ஒய்.எம்.எம்.முக்கு நீட்டினேன். கீழ்ப்பாதி சரி, மேல்பாதி மறுபடியும் குப்பை. எஃப்.எக்ஸ்.சேவுக்கு மேல்பாதி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு எக்ஸ்சேவ் வேண்டும். அதுவும் எக்ஸ்.சி.ஆர்.0 பட்டியலில் பிட் போடப்பட்டவற்றை மட்டுமே சேமிக்கும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் கணக்கில் இல்லை. நமக்குப் புதிதா என்ன?

இது சின்னக் கம்பெனிகளின் அசட்டை மட்டுமல்ல. தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய ரெஜிஸ்டர் மதிப்பை அப்படியே விட்டுவைக்கும் 'லேசி' முறையில், இன்டெல் கோர் பிராசசர்களில் மற்றவரின் மதிப்புகளை ஊகித்துப் படிக்க முடியும் என்று 2018 ஜூனில் வெளிவந்தது. ஏ.இ.எஸ். ரகசியச் சாவிகள் தங்கும் இடமும் அதே ரெஜிஸ்டர்கள்தான். லினக்ஸ் 2016லேயே அந்த முறையை இயல்புநிலையிலிருந்து நீக்கியிருந்தது, பெரும்பாலும் வேகத்துக்காக.

டிக்கெட்டை மறுபடி திறந்தேன். திருத்தத்தில் சீனியர் பெயர், சோதனைக் கோப்பில் என் பெயர். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டப்படுவது அந்தக் கோப்புதான்.

கேள்வி கேட்ட தோழர் தானே எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறார். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு உட்காருகிறோம். நாலு லேப்டாப்தான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், சார்ஜரோடு.