ஆலாவின் ஒற்றை முட்டை

மனிதன் ஆண்டுக் கணக்கைப் பிறை பார்த்தும் நாட்காட்டி பார்த்தும் அறிகிறான். கடற்பறவையோ அதைக் கடல்நீரின் சூட்டில் அறிகிறது. நீர் குளிர்ந்திருந்தால் அதற்கு நல்லாண்டு. சூடேறினால் பஞ்ச ஆண்டு. அந்தக் கணக்கு நம் காலத்தில் பிறழத் தொடங்கியிருப்பதையே இங்கு எழுதப் புகுந்தோம்.

எலவனாசூர்கோட்டையில் இருந்துகொண்டு கடற்பறவையைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். மழையையும் ஏரி நீரையும் நம்பி வாழும் உள்நாட்டு ஊர் நம்முடையது. ஆயினும், கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வரும் சம்பந்தி வீட்டார் கொண்டுவரும் மாசி நம் அடுக்களையிலும் உண்டு. அந்த மாசியின் பின்னே ஒரு பறவை இருக்கிறது.

மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையிலிட்டு, வெயிலில் உலர்த்திச் செய்வது. மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் மீனவர்கள் சிறுமீன்களை உயிரோடு இரையாகத் தூவி, சூரையைத் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகத் தூக்குவர். பரந்த கடலில் சூரைக் கூட்டம் இருக்குமிடத்தை அவர்களுக்கு அறிவிப்பவை ஆலா முதலிய கடற்பறவைகளே. சூரை கீழிருந்து துரத்தும். சிறுமீன்கள் மேலே துள்ளும். ஆலாக்கள் வானிலிருந்து அவற்றைக் கொத்தும். அதைக் கண்டு படகைத் திருப்புவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

இவற்றுள் முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஆலா ஒன்றுண்டு. பிறந்த தீவை விட்டுப் பறந்தால் சில ஆண்டுகள் வரை அது தரையை மிதிப்பதில்லை. அதன் இறகு நீரை நன்கு தடுப்பதன்று. எனவே கடலில் மிதந்து இளைப்பாறுவதும் அரிது. முப்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய அப்பறவை, ஒரு பருவத்தில் இடுவது ஒரே முட்டை. அதையும் வெறுந்தரையில் இடும். ஓர் ஆண்டு குஞ்சு பிழைக்காவிட்டால் மறு ஆண்டு உண்டு என்ற நம்பிக்கையின் மீதே அதன் குலம் நிற்கிறது.

கடல் சூடேறினால் நிகழ்வது யாது? வெந்நீர் இலேசானது, அது மேலே மூடிபோலப் படர்ந்து, அடியிலுள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலெழ விடாது. நுண்ணுயிர்கள் குறையும், சிறுமீன்கள் ஆழத்துக்கோ அயலிடத்துக்கோ போய்விடும். 1982இல் எல் நினோ என்னும் வெப்பநிலை பசிபிக் பெருங்கடலைப் பற்றியபோது, கிரிபாத்தி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கு மேற்பட்ட கடற்பறவைகள் கூட்டையும் குஞ்சையும் கைவிட்டுப் போயின. குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவர் ஒருவர், "தாய்ப் பறவைக்கு இரக்கமில்லையா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். "தம்பி, தாயும் பசியால் இறந்தால் மறு ஆண்டு முட்டையிட யார் இருப்பார்? அது குஞ்சை வெறுத்துப் போகவில்லை, குலத்தைக் காக்கப் போனது" என்றோம். உண்மையும் அதுவே. கடல் குளிர்ந்தபின் பறவைகள் திரும்பி வந்து கூடு வைத்தன.

ஆனால் அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பஞ்சத்துக்கும் பஞ்சத்துக்கும் இடையே போதிய நல்லாண்டுகள் வேண்டும். 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் நீடித்த கடல் வெப்பம் அலாஸ்காவில் மர் என்னும் பறவை இனத்தில் சுமார் 40 இலட்சத்தைக் கொன்றது. அங்கிருந்தவற்றில் அது பாதி. அந்த இனம் இன்னும் மீளவில்லை என்று 2024இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்றொரு மணல் திட்டு. மரமில்லை, செடியில்லை; பரப்பு நம் ஊர்க் கணக்கில் இரண்டொரு காணி. 1875இல் இலட்சத்தீவுக்கு வந்த ஆலன் ஹியூம் அங்குள்ள பறவைகளைக் குறித்து வைத்தார். 1995இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அலைக்குச் சட்டம் தெரியாது. அதே தீவுக்கூட்டத்தில், பங்காரத்தை அடுத்த பரளித் தீவுகளில் ஒன்று 1968இல் சுமார் எட்டு ஏக்கர் இருந்தது. அது முழுவதும் கரைந்து மறைந்ததை 2017இல் ஆய்வாளர் அறிவித்தனர். இத்தகைய தீவுகளுக்கு அரண் பவளப் பாறை. அதுவோ 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்து நலிந்தது. பன்னிரண்டு ஆண்டாக இருந்த இடைவெளி ஆறாகி, எட்டாகி நிற்கிறது. இரையைத் தரும் கடலும் முட்டைக்கு இடந்தரும் மணலும் ஒருசேரக் குறைந்தால், ஒற்றை முட்டையிடும் பறவை எதை நம்பும்?

இது கடலோரத்தார் கவலை மட்டுமன்று. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்து வயல்களையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. நம் ஏரியை நிரப்புவதும் உடைப்பதும் அந்தக் கடலின் ஆவியே.

அரபு மொழியில் உம்மத் என்றால் சமுதாயம். பறவைகளையும் திருமறை அச்சொல்லாலேயே குறிக்கிறது. தன் இனத்தைத் தொடர ஓர் ஆண்டைத் துறக்கத் தெரிந்த சமுதாயம் அது. நாமோ புகையைப் பெருக்கும் ஒரு வசதியைத் துறக்கவும் தயங்குகிறோம். முட்டையிடும் பருவத்தில் அத்தீவுகளில் மனிதர் கால் வைக்காதிருப்பதும், வீண் விரயம் எனும் இஸ்ராஃபை எரிபொருளிலும் தவிர்ப்பதும் நம்மால் ஆகாத காரியங்கள் அல்ல. அப்பறவைகளுக்கு நாம் இரை தர வேண்டியதில்லை. அவற்றின் நல்லாண்டுகளைப் பறிக்காமல் இருந்தால் போதும்.