அம்பாசடருக்கு டயர்

மரக்காணம் பக்கம் தினமும் அம்பாசடர் ஓட்டுகிறவர்களே, உப்புக்காற்று டயரைத் தின்பதில்லை, ரிம்மைத்தான் தின்னும். துருவேறிச் சொரசொரத்த ரிம்மில் உரசி உரசியே டியூப் பஞ்சராகும். டயர் மாற்றும்போதே ரிம்மைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பழைய அளவு 5.90-15, நைலான். ஆனால் ஈ.சி.ஆரில் மழைநாளில் பிரேக் போட என் ஓட்டு ரேடியலுக்கே. மெதுவாகத் திருப்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். உப்பு மூட்டை தூக்குகிற ஊரில் அதெல்லாம் ஒரு பொருட்டா! ஒரே அச்சில் மட்டும் நைலானையும் ரேடியலையும் கலக்க வேண்டாம்.

2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. இந்த அளவு டயர் கடையிலேயே வருஷக்கணக்கில் கிடந்திருக்கலாம். டயரின் பட்டன் தேயாமல் இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23வது வாரம் செய்தது. அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.